‘கண்’ என்று எழுதிய கவர்

எதிர்பாராத செலவு என்ற சொல்லை முதன்முதலில் சொன்ன ஆள் யாரென்று தெரிந்தால், அவன் வீட்டு வாசலுக்கே போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வருவேன். என்ன எதிர்பாராதது? வண்டி என்று ஒன்று இருந்தால் டயர் தேயும். பல் என்று ஒன்று இருந்தால் சொத்தை விழும். பிள்ளை வளர்ந்தால் செருப்பு சின்னதாகும். இதில் எதை யார் எதிர்பார்க்கவில்லை? எதிர்பார்த்தால் முன்கூட்டியே பணம் எடுத்து வைக்க வேண்டும் என்பதால், எதிர்பார்க்காத மாதிரி இருந்துகொள்வது. அவ்வளவுதான் விஷயம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே என் அக்காவின் தலையில் மிளகாய் அரைத்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். கோபமாகத்தான் சொல்வேன். நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் அப்புறமாக வந்து சொல்லட்டும்.

என் அக்கா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள். குடிநீர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. மாதத்துக்கு ஐந்நூற்றுச் சொச்சம் வீடுகள் அவள் பொறுப்பு. தோளில் ஒரு பை, கையில் ஒரு இரும்புக் கொக்கி, எண்ணைத் தட்டுவதற்கு அலுவலகம் கொடுத்த சின்ன மெஷின். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தரையோடு தரையாக ஒரு இரும்பு மூடி இருக்கும். கொக்கியை மாட்டி அதைத் தூக்கினால் கரப்பான், சேறு, சில வீடுகளில் தவளை. மண்டி போட்டு, தலையைக் குழிக்குள் விட்டு, மீட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்து, எண்ணைப் பார்த்து மெஷினில் ஏற்ற வேண்டும். பிறகு மூடியைப் போட்டுவிட்டு அடுத்த வீடு. நாய்க்கும் பயப்படக் கூடாது, நாயை வளர்ப்பவருக்கும் பயப்படக் கூடாது. தெருக்களில் அவளுக்கு மீட்டரம்மா என்று பேர்.

பதினாறு வருடமாக அதே தெருக்கள். எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று அவளுக்கு மனப்பாடம். இந்த வீட்டில் மூன்று பெண்கள், நீளமான முடி, மாதம் இருபத்திரண்டு யூனிட். அந்த வீட்டுக்காரர் கஞ்சன், குளிக்கவே யோசிப்பார், ஆறு யூனிட். மாடி வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாளா, மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். இதெல்லாம் அவள் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். வெளியில் ஒரு வார்த்தை விடமாட்டாள்.

வீட்டிலும் அவளுக்கு எல்லாமே அளவுதான். ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் கட்டில் மேல் உட்கார்ந்து பணத்தைப் பிரித்துக் கவர்களில் போடுவாள். அலுவலகத்தில் தூக்கிப் போடுகிற பழைய பழுப்புக் கவர்கள். வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், கரண்ட், மருந்து, அத்தானின் வேன் கடனுக்கான தவணை. பன்னிரண்டு வருடமாக ஒரே சட்டம்: ஒரு கவர் இன்னொரு கவரிடம் கை நீட்டக் கூடாது. மளிகைக் கவர் இருபத்தாறாம் தேதி காலியானால், முப்பதாம் தேதி வரைக்கும் வீட்டில் இருப்பதை வைத்துத்தான் சமையல். பள்ளிக்கூடக் கவரில் பணம் கிடக்கிறதே என்று யாராவது சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாள். அதோடு வாய் மூடிவிடும். சொந்தக்காரர்கள் அவளை நிதி மந்திரி என்பார்கள். இவளை மாதிரி பட்ஜெட் போட ஆளில்லை என்று பாராட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள். பாராட்டுவதற்குக் காசா பணமா?

மூன்று வருடத்துக்கு முன்னால் இன்னொரு கவர் சேர்ந்தது. ‘கண்’ என்று எழுதியிருந்தாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் கண் சோதனை நடந்தபோது, அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதுக்கு இது சீக்கிரம்தான், வெயிலில் அலைகிற உடம்பு, இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது என்றார். அரசு ஆஸ்பத்திரியில் பேர் எழுதி வைத்தாள். அந்த வரிசை நகர்கிறதா நிற்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது. தனியாரிடம் ஒரு கண்ணுக்கு இருபதாயிரம். மாதம் ஆயிரத்து இருநூறு வீதம் அந்தக் கவரில் போட ஆரம்பித்தாள்.

இனி அத்தானைப் பற்றி. என் அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், அதிர்ந்து பேசமாட்டார். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். இந்த நல்ல மனுஷன்களோடுதான் சண்டை போடவும் முடியாது, குடும்பம் நடத்தவும் முடியாது. நான் அவருக்கு வைத்த பேர் திடீர். ஏனென்றால் அவர் வாயிலிருந்து வருகிற எந்தச் செலவும் திடீர் என்றுதான் ஆரம்பிக்கும். திடீரென்று பேட்டரி போய்விட்டது என்பார். நாலு மாதமாகக் காலையில் அந்த வேனைத் தெருவே கூடி நின்று தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. திடீரென்று டயர் வெடித்துவிட்டது என்பார். அந்த டயர் வழுக்கைத் தலையாகி ஒரு வருடம். சிக்னலில் பிடித்து அபராதம் போட்டான், அதுவும் திடீர். சிவப்பு விளக்கு மட்டும் திடீரென்று எரிந்ததாக்கும்.

அவர் இப்படிச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். அக்கா அப்படியே எழுந்திருப்பாள். உள்ளே போவாள், பணத்தோடு வருவாள். நானும் பார்த்திருக்கிறேன். எந்தக் கவரிலிருந்து எடுத்தாள் என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. மளிகைக் கவர் அப்படியே இருக்கும். வாடகைக் கவர் அப்படியே இருக்கும். பட்ஜெட்டுக்கு ஒரு கீறல் விழாது. என்ன மாயம் செய்கிறாள் என்று நாங்கள் வியந்துகொள்வோம்.

நான் அடுத்த தெருவில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மருந்துக்கடையில் பில் போடுகிற வேலை. அக்காவைப் பார்த்து நானும் பட்ஜெட் போடக் கற்றுக்கொண்டேன் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வேன். ஸ்கூட்டர் வாங்குவதற்கென்று பேங்கில் தனியாகப் போட்டு வருகிறேன். என்ன ஆனாலும் அந்தப் பணத்தில் கை வைத்ததில்லை. அத்தானைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு மனுஷனுக்குக் கொஞ்சமாவது கட்டுப்பாடு வேண்டாமா என்று எனக்கு வயிறு எரியும்.

அக்கா அடிக்கடி எங்கள் கடைக்கு வந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்குவாள். இருப்பதிலேயே விலை குறைந்தது. என்னக்கா கண்ணு என்று கேட்டால், தூசி, வேறென்ன என்பாள். ஊழியர் தள்ளுபடியில் பத்து சதவீதம் குறைத்துக் கொடுப்பேன். அதற்கே எனக்கு அவளுக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்ட திருப்தி. படி இறங்கும்போது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். எதிரே வருகிற பஸ்ஸின் எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேன், அவ்வளவுதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற எனக்கே உறைக்கவில்லை என்றால் என்னை எதால் அடிப்பது?

விஷயம் வெடித்தது ஒரு சனிக்கிழமை காலையில், எங்கள் கடையில். பிரஷர் மாத்திரை வாங்க ஒரு பெரியவர் வருவார். ஓய்வுபெற்ற வாத்தியார். அன்றைக்கு வரும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அவர் வீட்டுச் சமையலறையில் சுவருக்குள் குழாய் உடைந்து ஒன்றரை மாதமாகத் தண்ணீர் மண்ணுக்குள் போயிருக்கிறது. போன மாதம் மீட்டர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். மீட்டரம்மா என்று ஒருத்தி வருகிறாளாம், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போய்விட்டாளாம். இப்போது சுவரை இடித்தாயிற்று, தண்ணீர்க் கட்டணம் தனி. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், மூன்று நாள் சம்பளத்தை வெட்டிவிட்டார்கள், நல்லா வேணும் என்றார்.

என் அக்காவைப் பற்றி அவர் அப்படிப் பேசியதும் எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. பதினாறு வருடமாக வேலை செய்கிறவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசாதீர்கள் என்று நான் கத்த, அவர் மாத்திரையை வாங்காமலே போய்விட்டார். முதலாளி என்னை முறைத்தார். நான் கவலைப்படவில்லை. பொய்ப் புகார் எழுதிய கிழவர் என்று கறுவிக்கொண்டே, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வாத்தியாரைத் திட்டித் தீர்த்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் சொன்னது உண்மை என்றாள். எனக்குப் புரியவில்லை.

“எனக்கு நம்பர் தெரியலடி. மூணா எட்டான்னு தெரியல. அவங்க வீட்டுக்கு மாசம் பதினாலு யூனிட்தான் வரும். போன மாச நம்பர்ல பதினாலு கூட்டிப் போட்டுட்டேன்.”

எத்தனை வீட்டில் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

“முக்காவாசி வீட்டுல. அஞ்சு மாசமா.”

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மாதமாக என் அக்கா வெயிலில் தெருத்தெருவாக நடந்து, மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, கண்ணாடியைத் துடைத்து, ஒன்றும் தெரியாத குழிக்குள் பார்த்துவிட்டு, அந்த வீட்டுக்கு வழக்கமாக ஆகிற அளவை மனசுக்குள் கூட்டி எழுதியிருக்கிறாள். யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜனங்கள் அப்படி ஒரே மாதிரி குளித்து, ஒரே மாதிரி துவைத்து, ஒரே மாதிரி வாழ்கிறார்கள். எந்த வீட்டிலாவது வழக்கத்தை மீறி ஏதாவது நடந்தால்தான் குட்டு வெளிப்படும். நடந்துவிட்டது. அதுவும் இரண்டாவது தடவை. முதல் தடவை ஒரு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்து ஒரு மாதம் தங்கியிருந்தார்கள். அதற்கும் சம்பளத்தில் பிடித்தார்கள், எங்களிடம் மூச்சு விடவில்லை. மூன்றாவது புகார் வந்தால் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவோம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். பத்தாம் தேதி அடுத்த மாதச் சுற்று ஆரம்பம். அன்றைக்கு முதல் தேதி.

சரி, ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியதுதானே என்றேன். மாதம் ஆயிரத்து இருநூறு, மூன்று வருடம், நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டு கண்ணுக்கும் தாராளமாகப் போதும். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பேட்டரி. டயர். அபராதம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் உள்ளே வர வேண்டுமா? வந்தார். செருப்பைக் கழற்றினார். தொண்டையைச் செருமினார். திடீர்னு கிளட்ச் ஒரு மாதிரி இழுக்குது என்றார்.

அப்புறம் நான் பேசியதை எல்லாம் இங்கே எழுதினால் நன்றாக இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். பெண்டாட்டியின் கண்ணைப் பிடுங்கி வேனில் ஹெட்லைட்டாக மாட்டிக்கொண்டு ஓட்டுகிறீர்களா என்று கேட்டேன். வெட்கம், மானம் என்று தொடங்கும் எல்லாச் சொற்களையும் அவர்மேல் கொட்டினேன். எட்டாவது படிக்கிற அவர்கள் மகள், கையில் வைத்திருந்த நோட்டோடு அடுத்த அறையிலிருந்து வந்து நின்றாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பேசினேன்.

“கத்தினது போதும்,” என்றாள் அக்கா. “அலமாரியில ‘கண்’னு எழுதின கவர் இருக்கு, எடுத்துட்டு வா.”

எடுத்து வந்தேன். மெலிந்து கிடந்தது. பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் பொடிப்பொடியாக எழுதியிருந்தது. எடுத்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கிறாள். எனக்கு அது இப்போது தெரிவதில்லை, நீயே சத்தமாகப் படி என்றாள்.

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நீதிபதி தீர்ப்பை வாசிக்கிற மாதிரி, அத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். அவர், பேட்டரி, நாலாயிரத்து ஐந்நூறு. அவர், டயர், ஐயாயிரத்து இருநூறு. அவர், அபராதம், ஆயிரத்து ஐந்நூறு. அவருடைய அண்ணனுக்கு ஆஸ்பத்திரி, மூவாயிரம். அவர், போன் கண்ணாடி, ஆயிரத்து எண்ணூறு. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனேன். பாப்பா, பள்ளிச் சுற்றுலா, ஆயிரத்து நானூறு என்றபோது குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கும் நான் நிறுத்தவில்லை.

அடுத்த வரி, தங்கச்சி, பல், ஆறாயிரம்.

அதைச் சத்தமாகப் படித்துவிட்ட பிறகுதான் அந்தத் தங்கச்சி யாரென்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு நான் ஒருத்திதான் தங்கச்சி.

நிறுத்தினேன். படி என்றாள் அக்கா. தங்கச்சி, ரூம் அட்வான்ஸ், ஏழாயிரம். குரல் எனக்கே கேட்கவில்லை, சத்தமாப் படி என்றாள். தங்கச்சி, போன், நாலாயிரத்து இருநூறு. தங்கச்சி, சம்பளம் தாமதம், நாலாயிரம். அதோடு பட்டியல் முடிந்தது.

ஒவ்வொன்றும் எனக்கு நினைவு வந்தது. பல் வலியோடு ஓடிவந்து, எதிர்பாராத செலவுக்கா, அடுத்த மாதம் தந்துவிடுகிறேன் என்றேன். எதிர்பாராத செலவு. என் வாயால்தான் சொன்னேன். அடுத்த மாதம் கொடுக்க மறந்தேன், அதற்கடுத்த மாதம் மறந்ததையும் மறந்தேன். அக்கா கேட்கவில்லை. அந்த மூன்று வருடத்தில் என் ஸ்கூட்டர் பணம் மட்டும் ஒரு காசு குறையாமல் வளர்ந்தது. எப்படிக் குறையும்? எனக்கு வந்த எல்லா இடியையும் அக்காவின் கண் தாங்கிக்கொண்டிருந்தது.

நோட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

“சித்தி, அப்பாது பதினாறாயிரம். உங்களது இருபத்தோராயிரத்து இருநூறு. உங்களதுதான் ஜாஸ்தி.”

அத்தான் என்னைத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேசியது அக்காதான். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

“பட்ஜெட், பட்ஜெட்னு எல்லாரும் வாய் நிறையப் பாராட்டினீங்களே. ஒருத்தராவது இது எங்கேருந்து வருதுன்னு கேட்டீங்களா? அரிசிப் பணத்துல கை வைக்க முடியாது, வாடகைப் பணத்துல கை வைக்க முடியாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். எடுத்தீங்க. எனக்கும் கோபம் வரும்டி. நீ அவரைத் திட்டும்போது எனக்கு உன்மேலதான் கோபம் வந்துச்சு.”

அவள் கையிலிருந்த துண்டைக் கட்டிலில் விட்டெறிந்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போகிற வழியில் கதவு நிலையில் தோள் இடித்தது. அதற்கும் சேர்த்து எங்களைத் திட்டினாள்.

நான் வீட்டுக்குப் போய் அழுதேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம். அந்த வாத்தியாரிடம் கத்தியது, அத்தானிடம் கத்தியது, தள்ளுபடியில் சொட்டு மருந்து கொடுத்துவிட்டுத் தாராள மனசுக்காரி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது எல்லாம் வரிசையாக நினைவு வந்து என் முகத்திலேயே அறைந்தன. மறுநாள் பேங்க் திறந்ததும் போய் இருபத்தோராயிரத்து இருநூறை எடுத்தேன். கவரில் மிச்சமிருந்தது நாலாயிரத்து அறுநூறு. வலது கண் மோசமாக இருந்ததால் அதை முதலில் எடுப்பது என்று முடிவானது.

கண் ஆஸ்பத்திரியில் பணம் கட்டுகிற இடத்தில் இருந்தவர், ரசீதில் யார் பேரைப் போட வேண்டும், நீங்கள்தானே கட்டுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா பேரையே போடச் சொன்னேன். அவள் பணம்தான் என்றேன். அவருக்கு அது தேவையில்லாத விவரம். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நாலாம் தேதி ஆபரேஷன் முடிந்தது. அரை மணி நேர வேலை. இதற்காகவா மூன்று வருடம் என்று எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டு வாரத்துக்குக் குனியக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது. அக்காவின் வேலையே குனிவதும் தூசியும்தான். விடுப்பு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் போன ஐந்து மாதக் கதையும் வெளியே வரும்.

என்ன செய்தோம் என்றால், நாங்கள் குனிந்தோம். காலையில் கடை திறக்கும் வரை நான், பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த பிறகு அத்தான். அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, தெருவின் அந்தப் பக்கம் நிழலில் நிற்பாள். நாங்கள் மூடியைத் தூக்கி, மண்டியிட்டு, எண்ணைக் கத்துவோம். அவள் மெஷினில் தட்டுவாள். முதல் நாளே அத்தானின் சட்டைக் கைக்குள் கரப்பான் ஏறி, அவர் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு ஆட்டம் ஆடினார். திடீர்னு வந்துடுச்சு என்றார். நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர்மேல் என் கோபம் இன்னும் முழுதாகத் தீரவில்லை, சொல்லிவிடுகிறேன். கிளட்ச்சுக்கு மட்டும் அவர் தன் அண்ணனிடம் போய்க் கேட்டு வாங்கிப் போட்டார்.

வாத்தியார் வீட்டு மூடியைத் தூக்கியது நான்தான். அவர் வெளியே வந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். சுவரில் புதுச் சிமெண்ட் இன்னும் காயாமல் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், வரவில்லை. எண்ணை மட்டும் உரக்கப் படித்தேன். சரியான எண். மற்ற வீடுகளில் சிலவற்றில் அக்கா முன்பு போட்ட எண்ணுக்கும் உள்ளதற்கும் நாலைந்து யூனிட் வித்தியாசம் இருந்தது. உள்ளதையே ஏற்றினோம். புகார் வருமா வருமா என்று அந்த மாதம் முழுக்கத் திக்திக்கென்று இருந்தது. வரவில்லை. நாலைந்து யூனிட்டை ஜனங்கள் வெயில்காலத்தின்மேல் பழி போட்டுவிட்டுப் பேசாமல் கட்டிவிட்டார்கள்.

அடுத்த முதல் தேதி சாயங்காலம் வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டில்மேல் கவர்கள். வலது கண்ணால் அவள் நோட்டு எண்ணுவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது. விரல் தடவவில்லை, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கவில்லை. ‘இடது கண்’ என்று புதிதாக ஒரு கவர். ஆபரேஷன் போக மிச்சம் இருந்த ஐயாயிரத்துச் சொச்சமும், இந்த மாதத்து ஆயிரத்து இருநூறும் அதில் இருந்தன. இன்னும் பதிமூவாயிரம் சேர வேண்டும். சேர்கிற வரைக்கும் ஒற்றைக் கண்ணோடுதான் அவள் தெருத்தெருவாக நடக்க வேண்டும்.

அன்றைக்குக் காலையில்தான் என் அறையின் சொந்தக்காரர் வந்து, வாடகை ஏற்றியாயிற்று, கூடுதல் அட்வான்ஸ் மூவாயிரம் இந்த வாரமே வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பேங்கில் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் இருக்கத்தான் செய்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்த ஸ்கூட்டர் பணம். நான் அக்காவிடம் கேட்பதற்காகப் போகவில்லை. சத்தியமாகப் போகவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்து கவர்களைப் பார்த்ததும், பழகிப்போன அந்த வார்த்தை தானாகவே தொண்டைக்குள் ஏறி வந்து நின்றது. எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று அக்கா கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். இப்போது அவளுக்கு முகம் நன்றாகத் தெரிகிறது, அதுவே தொந்தரவாகிவிட்டது.

“எவ்வளவு?”

அவள் கை அதற்குள் புதுக் கவரின் பக்கம் போயிருந்தது. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இவ்வளவு நடந்த பிறகும் போகிறதே அந்தக் கை! இல்லை என்று சொல்லித் தொலையேன் அக்கா, ஒரு தடவையாவது சொல்லேன் என்று கத்திவிட்டேன்.

“எனக்கு வராதுடி,” என்றாள். “நீ கேட்டா நான் குடுத்துடுவேன். அதனாலதான் சொல்றேன், கேட்காத.”

டீ வைக்கட்டுமா என்று அத்தான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நேராக என் அறையின் சொந்தக்காரரிடம் போனேன். அட்வான்ஸை மாதம் ஐந்நூறாகத்தான் தர முடியும், இஷ்டமில்லை என்றால் காலி செய்கிறேன் என்றேன். அவர் என்னென்னவோ பேசினார். பேசி முடிக்கும்வரை அவர் வாசலிலேயே நின்றேன்.